கொசுக்கால வச்சு இனம், வயசு கண்டுபிடிக்கறது: மால்டி-டாஃப்ல நான் செய்ற முறை

ஏற்காடு எஸ்டேட்ல பிடிச்ச கொசுவ சேலம் கொண்டாந்து மைக்ரோஸ்கோப்ல வச்சா, 20 கொண்டை ஊசி வளைவும் குலுங்கி வந்ததுல முதுகுச் செதிலெல்லாம் உதிர்ந்து கெடக்கும். முதுகு நடுவுல ஒத்த வெள்ளக்கோடு இருந்தா ஏடிஸ் அல்போபிக்டஸ், யாழ் மாதிரி வளைஞ்சிருந்தா ஏடிஸ் ஈஜிப்டி, செதிலே இல்லன்னா எதப் பாத்து சொல்றது? அதுக்குத்தான் மால்டி-டாஃப். புரதத்த லேசர்ல அடிச்சு பறக்க விடும், எடை கம்மியானது முன்னாடியும் கூடுனது பின்னாடியும் வந்து சேரும், அந்த நேரத்த வச்சு வர்ற கிராஃப் இனத்துக்கு இனம் மாறும். பெரிய ஆஸ்பத்திரி லேப்ல பாக்டீரியா பாக்கற அதே மெஷின்தான், ஓட்டறத டெக்னீஷியன் பாத்துக்குவாங்க.

கொசுவ ஃப்ரீசர்ல வச்சு கொன்னுட்டு கால மட்டும் எடுங்க. வயிறு வேண்டாம், ரத்தம் குடிச்சிருந்தா அந்தப் புரதமும் கிராஃப்ல வந்து கலக்கும். கால் மட்டும்னா மீதி உடம்பு பிசிஆருக்கு (மரபணு சோதனைக்கு) இருக்கும்.

நான் மாட்டுனது சேத்து வைக்கற எடத்துலதான். மொதல் தடவ ஸ்பிரிட்ல போட்டு வாரக்கணக்கா வச்சேன், கிராஃப் தேஞ்சு போய் வந்துச்சு, அதே கால மறுபடி அடிச்சா வேற மாதிரி வருது. சரி ஸ்பிரிட்டே வேண்டாம்னு வெறும் டியூப்ல வச்சேன், அது மழைக்காலம், மலையில பனிமூட்டம், நாலே நாள்ல பூஞ்சை புடிச்சு மொத்தமும் போச்சு. இப்ப டியூப் அடியில சிலிக்கா ஜெல், அதுமேல பஞ்சு, அதுமேல கொசு. நீல ஜெல் ரோஸ் ஆனா உடனே மாத்திருங்க. மலைய விட்டு எறங்குன அன்னைக்கே மைனஸ் 20ல வச்சிருங்க, நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க.

அப்புறம் 70% ஃபார்மிக் ஆசிட்டும் 50% அசிட்டோநைட்ரைலும் சம அளவு, மொத்தம் 40 மைக்ரோலிட்டர், அதுல கண்ணாடி மணி போட்டு கால அரைக்கணும். கையால அரைக்கறது எனக்குப் புடிக்கல, ஒவ்வொன்னும் ஒவ்வொரு பதத்துல வரும், மெஷின்ல குலுக்கறதுதான் ஒரே சீரா இருக்கும். க்ளவுஸ், ஃப்யூம் ஹுட் இல்லாம இந்த ஆசிட்ட தொறக்காதீங்க. சென்ட்ரிஃப்யூஜ் மெஷின்ல லேசா சுத்தவிட்டு மேல தெளிஞ்சதுல 1 மைக்ரோலிட்டர் பிளேட்ல நாலு எடத்துல வைங்க, காஞ்சதும் மேல 1 மைக்ரோலிட்டர் எச்சிசிஏ மேட்ரிக்ஸ், லேசர் சக்திய வாங்கி புரதத்த பறக்க விடற கரைசல் அது. நாம பாக்கற புரதத்தோட எடை 2000 முதல் 20000 டால்டன் (மூலக்கூறு எடை அளவு) வரைக்கும்தான், அதுக்கு எச்சிசிஏ போதும்.

ஆஸ்பத்திரி மெஷினோட லைப்ரரியில, அதாவது ஒப்பிட்டுப் பாக்க சேத்து வச்ச கிராஃப் தொகுப்புல, கொசு இருக்காது, அதனால அடையாளம் தெரியலன்னுதான் வரும், பயந்துக்காதீங்க. பிசிஆர், சீக்வென்ஸிங்ல உறுதி பண்ண கொசுவ வச்சு நீங்களே லைப்ரரி கட்டணும். கிராஃப் லைப்ரரியோட எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு மெஷின் குடுக்கற ஸ்கோர் 1.8க்கு மேல வந்தா நான் எடுத்துக்குவேன்.

வயசுதான் கஷ்டம், ஆனா முக்கியமும் அதுதான். மலேரியா கிருமி கொசு உடம்புல முத்தி வர சுமாரா 10 நாளுக்கு மேல ஆகும், அதனால கெழட்டுக் கொசுதான் நோய் பரப்பும். வயசாக ஆக புரதம் மாறுது, ஆனா இனத்துக்கு இனம் மாறுற அளவுக்கு இல்ல. கொசுப்புழு புடிச்சு வளத்து, கொசுவா வெளிய வந்த 1, 5, 10, 15வது நாள்ல கொன்னு தனித்தனியா கிராஃப் எடுத்து வச்சுக்கங்க, அத வச்சு வயசு பிரிக்க கம்ப்யூட்டருக்குப் பழக்குங்க, கொஞ்சத்த மட்டும் அதுக்குக் காட்டாம கடைசி சோதனைக்கு ஒதுக்குங்க. சேலம் வெயில்ல 10 நாள் வளந்ததும் ஏற்காட்டுக் குளிர்ல 10 நாள் வளந்ததும் ஒன்னு கெடையாது, சூட்டுல சீக்கிரம் முதுமை வந்துரும், ரெண்டு எடத்துக்கும் தனித்தனியா வளருங்க. இத்தனாவது நாள்னு துல்லியமா கேக்காம இளசு, நடு, கெழடுன்னு பிரிச்சாலே போதும். சினைப்பைய அறுத்து முட்டை போட்டுதா இல்லையான்னு பாக்கற டெட்டினோவா முறையையும் கூட வச்சு சரிபாருங்க.

அப்டேட்: தலைய அரைச்சேன் ஸ்கோரே வரலன்னு ஒருத்தர் கமென்ட்ல கேட்டிருந்தாங்க. கால் லைப்ரரியோட கால மட்டும்தான் ஒப்பிடணும், தலைக்கு தனி லைப்ரரி. புழுவுக்கும் அப்படித்தான், பெரிய கொசுவோட கிராஃப் அதுக்கு ஒத்து வராது.