ஜூடோவில் எதிராளியின் காலை வார ஒரு வழி

தே-ஆஷி-பராய், அதாவது எதிராளி முன்வைக்கும் காலை வாரிவிடும் வீச்சு, போடப் போனால் எதிராளி விழமாட்டார். என் கால் அவருடைய முன்னங்கால் எலும்பில் 'டொக்'கென்று மோதும், அவ்வளவுதான். பலத்தைக் கூட்டினால் இருவருக்கும் வலிதான் கூடியது.

ஜப்பானிய ஜூடோ ஆசான் கியூசோ மிஃபுனேவின் பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படங்களைப் பார்த்தபோதுதான் கோளாறு பிடிபட்டது. 1883இல் பிறந்தவர், 1945இல் ஜூடோவின் மிக உயர்ந்த தரமான பத்தாம் டான் பெற்றவர். எழுபதைத் தாண்டியும், தன்னைவிடப் பெரிய ஆட்களைச் சாய்க்கிறார் மனிதர்! அவர் உதைப்பதே இல்லை. எதிராளி முன்வைக்கும் காலில் எடை முழுசாக இறங்குவதற்குச் சற்று முன், அது போகும் திசையிலேயே அதைத் தள்ளிவிடுகிறார்.

அப்புறம் நானும் உதைப்பதை விட்டேன். சுண்டுவிரல் விளிம்பு பாயை உரசிக்கொண்டே போய், உள்ளங்கால் எதிராளியின் கணுக்காலுக்குக் கீழே போய்ச் சேரவேண்டும். முழங்காலை மடக்காமல், இடுப்பிலிருந்து வீச்சு. அதே நொடியில் அவர் சட்டைக் கையைப் பிடித்த கை கீழே இழுக்கவேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு அடி வைத்துத் தப்பிவிடுவார். நேரம் பிடிபட, ஜோடியாகப் பக்கவாட்டில் நடந்துகொண்டே வாரிப் பழகினோம். அதில், பக்கவாட்டில் நகரும் எதிராளியின் இரு கால்களையும் சேர்த்து வாரும் ஒகுரி-ஆஷி-பராயும் பாதி வந்துவிட்டது.

இப்போது ராண்டோரியில், அதாவது பயிற்சி மோதலில், சிலர் விழுகிறார்கள். இப்போன் (முழு வெற்றிப் புள்ளி) கேட்கும் அளவுக்குச் சுத்தமில்லை, ஆனால் முன்னங்காலில் வீக்கம் இல்லை.