ஹார்டு டிஸ்கின் சர்க்யூட் போர்டு எரிந்துவிட்டால்: படிப்படியான செய்முறை

12 வோல்ட் அடாப்டர் செருக வேண்டிய வெளிப்புற ஹார்டு டிஸ்க் பெட்டியில், முனை சரியாகப் பொருந்தியதால், லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டேன். மெல்லிய கருகல் வாடை வந்தது; அதன்பின் டிஸ்க் சுழலவே இல்லை. அதிலிருந்த குடும்பப் படங்களை மீட்ட வழியை இங்கே எழுதுகிறேன். மின்சாரம் கொடுத்தும் அசைவற்றுக் கிடக்கும் 3.5 அங்குல டிஸ்குகளுக்கே இது பொருந்தும். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் உள்ளிருக்கும் ஹெட் (தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனை) பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இம்முறையில் இறங்க வேண்டாம். மேல்மூடியை எந்நிலையிலும் திறக்கக் கூடாது.

டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்க்ரூடிரைவரால் போர்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பவர் கனெக்டர் அருகே 5 வோல்ட்டுக்கு ஒன்றும் 12 வோல்ட்டுக்கு ஒன்றுமாக இரண்டு டிவிஎஸ் டயோடுகள் இருக்கும். வோல்டேஜ் எகிறும்போது தாம் ஷார்ட் ஆகி மற்ற பாகங்களைக் காப்பதே அவற்றின் வேலை. மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து ஒவ்வொன்றின் இரு முனைகளையும் தொடுங்கள். முனைகளை மாற்றித் தொட்டாலும் பீப் ஒலித்தால் அந்த டயோடு ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். அதை அகற்றினாலே பல டிஸ்குகள் ஓடத் தொடங்கும். பாதுகாப்பு இல்லாமற்போவதால், நல்ல பவர் சப்ளையில் இணைத்துத் தரவுகளை உடனே நகலெடுத்துவிட வேண்டும்.

என் டிஸ்கில் மோட்டாரை இயக்கும் ஐசி சிப்பிலேயே குண்டூசித் தலையளவு துளை விழுந்திருந்ததால் போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றுப் போர்டு வாங்கும்போது டிஸ்கின் மாடல் எண்ணை மட்டும் நம்பாமல், போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் எண்ணை ஒப்பிடுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் போர்டுகளில் அது 2060 என்று தொடங்கும்.

எண் பொருந்திய போர்டைப் பூட்டியும் டிஸ்க் சுழன்றதே தவிர, கணினி அதை அடையாளம் காணவில்லை. நான் இரண்டு நாள் திணறிய இடம் இதுதான். ஒவ்வொரு டிஸ்கின் ஹெட்டுக்கும் உரிய அளவீடுகள், போர்டிலுள்ள 8 கால் ரோம் சிப்பில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்தியாக வேண்டும். எடுக்குமுன் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சிப்பின் மூலையிலுள்ள சிறு புள்ளி முதலாம் காலைக் குறிக்கும். அது எதிர்ப்புறம் திரும்பிவிட்டால், மின்சாரம் கொடுத்ததும் சிப்பே கெட்டுவிடலாம். இதற்குச் சால்டரிங் அயனைவிட, சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. வேறொரு பழைய போர்டில் நான்கைந்து முறை பழகிய பிறகே இதில் கை வையுங்கள்.

பின்சேர்க்கை: தம் போர்டில் 8 கால் சிப்பே இல்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சில போர்டுகளில் அந்த அளவீடுகள் பெரிய கட்டுப்பாட்டு ஐசிக்குள்ளேயே இருக்கும். அத்தகைய டிஸ்கைத் தரவு மீட்பு நிலையத்தில் கொடுப்பதே நல்லது; கொடுக்கும்போது பழைய போர்டையும் சேர்த்துக் கொடுங்கள்.