அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது?

சென்ற மாதம் இளம் ஆய்வாளர்கள் சிலரின் வரைவு அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஆற்றல் அமைப்பைக் கணினி மாதிரியாக்கி, அதன் விடையை வைத்துக் காலநிலைக் கொள்கைக்குப் பரிந்துரை எழுதுகிறவர்கள் அவர்கள். நான்காவது வரைவின் பின்னிணைப்பைப் புரட்டியபோது சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. என் பழைய தவறு அதே எண்ணோடு அங்கே உட்கார்ந்திருந்தது.

கிலோவாட்டையும் யூனிட்டையும் குழப்புவது, ஆண்டை மாற்றி எழுதுவது போன்றவற்றை நான் இங்கே தொடப் போவதில்லை. அவற்றை யாராவது ஒருவர் பார்த்துச் சொல்லிவிடுவார். யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடும் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே வட்டி

மாதிரிக்குள் 'தள்ளுபடி விகிதம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நாளைய பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் விகிதம் அது. மின் நிலையத்தைப் பொறுத்தவரை, அதைக் கட்டப் போட்ட பணத்துக்கு ஆண்டுதோறும் என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். என் முதல் பெரிய ஆய்வில் அந்தக் கட்டத்தில் 10 சதவீதம் இருந்தது. நான் போட்டதல்ல. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுச் சென்ற கோப்பில் வந்தது. அவருக்கும் யாரோ கொடுத்தது. நான் மற்ற எண்களைச் சரிபார்க்க மூன்று மாதம் செலவழித்தேன். இதை ஒரு முறைகூடத் தொடவில்லை.

அது என்ன செய்யும் என்று பாருங்கள். 25 ஆண்டு ஓடும் நிலையத்தில் 100 ரூபாய் முதலீட்டைத் திரும்பப் பெற, 3 சதவீதத்தில் ஆண்டுக்குச் சுமார் 5.74 ரூபாய் வர வேண்டும். 10 சதவீதத்தில் 11.02 ரூபாய். ஏறத்தாழ இரண்டு மடங்கு. சூரிய மின் நிலையத்துக்கு எரிபொருள் செலவு கிடையாது. செலவின் பெரும்பகுதி கட்டும்போதே போய்விடுகிறது. 3 சதவீதத்தில் அதன் யூனிட் செலவில் நூற்றுக்கு 85 பங்கு முதலீடு என்று வைத்துக்கொண்டால், 10 சதவீதத்துக்கு மாறியதும் 100 என்பது 178 ஆகிறது. எரிவாயு நிலையத்தில் முதலீட்டின் பங்கு 30 என்று கொள்ளுங்கள். அங்கே 100 என்பது 128-தான் ஆகும். வெயிலும் மாறவில்லை, தகடும் மாறவில்லை. வட்டி மட்டும் மாறியது, எது மலிவு என்ற வரிசை தலைகீழானது.

எங்கள் அறிக்கை எரிவாயுவைப் பரிந்துரைத்தது. விளக்கக் கூட்டத்தில் நிதித் துறை அதிகாரி ஒருவர் பின்னிணைப்பைத் திருப்பி, "இந்தப் பத்து சதவீதம் யார் கொடுக்கும் கடனின் வட்டி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "வழக்கமாகப் பயன்படுத்துவதுதான், மேடம்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஏனென்றால் அப்போது அவர்கள் மேசையில் அரசு உத்தரவாதத் திட்டம் ஒன்று இருந்தது. நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தமும் கடன் உத்தரவாதமும் கொடுத்தால் வங்கி எவ்வளவு வட்டியைக் குறைக்கும் என்பதே அவர்களுடைய கேள்வி. எங்கள் கணினி மாதிரி அந்தக் கேள்வியை உள்ளேயே விடவில்லை. அவர்களால் மாற்ற முடிந்த எண்ணை நாங்கள் மலைபோல் அசையாத ஒன்றாக நட்டுவைத்திருந்தோம். திருத்திய கணக்கைக் கொடுத்தபோது எரிவாயு நிலையத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது.

இந்த வட்டி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வளரும் நாடுகள் பலவற்றில் சூரிய மின் திட்டங்களுக்கான மூலதனச் செலவு, பணக்கார நாடுகளில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்லிவருகிறது. உலகம் முழுவதையும் ஒரே விகிதத்தில் ஓட்டும் மாதிரி இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

இன்னொரு குழப்பமும் இதே கட்டத்தில் நடக்கிறது. கடன் கொடுப்பவர் கேட்கும் வட்டி வேறு. வருங்காலத் தலைமுறையின் நலனுக்குச் சமூகம் கொடுக்கும் மதிப்பு வேறு. இரண்டாவதற்கு பிரிட்டன் அரசின் திட்ட மதிப்பீட்டு வழிகாட்டி 3.5 சதவீதத்தை வைத்திருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் அதை 2 சதவீதமாக எடுத்துக்கொண்டு, 2020-இல் வெளியான ஒரு டன் கார்பன் டை ஆக்சைடின் சேதத்தை 190 டாலர் என்று மதிப்பிட்டது. அதற்கு முன் 3 சதவீதத்தில் 51 டாலர். பாதிப்புக் கணக்குகளையும் அவர்கள் புதுப்பித்தார்கள் என்பதால் வித்தியாசம் முழுவதையும் விகிதத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் பெரும்பங்கு அதற்கு உண்டு. ஒரு முதலீட்டாளர் பணம் போடுவாரா என்ற கேள்விக்கு 2 சதவீதத்தைப் போட்டு, "சந்தையே பார்த்துக்கொள்ளும்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் என் தவறின் உடன்பிறப்புதான்.

விலை தானாகக் குறையும் என்று எழுதுவது

சூரியத் தகடுகளின் மொத்த உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் விலை சுமார் 20 சதவீதம் குறைந்துவந்திருக்கிறது. இங்கே ஓடுவது உற்பத்தி, நாட்காட்டி அல்ல. 2000-இல் ஜெர்மனி புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு உறுதியான விலை கொடுத்துச் சட்டம் இயற்றியபோது சூரிய மின்சாரம் மிகவும் விலை உயர்ந்தது. வாங்க ஆள் கிடைத்ததால் உற்பத்தி பெருகியது, விலை இறங்கியது. மாதிரியில் '2030-இல் இந்த விலை' என்று வெறும் ஆண்டை வைத்து எழுதிவிட்டால், "பொறுத்திருந்து வாங்குங்கள்" என்றுதான் அது சொல்லும். எல்லோரும் பொறுத்திருந்தால் விலை எப்படி இறங்கும்?

'இப்படி இருந்தால்' என்பதை 'இப்படி ஆகும்' என்று படிப்பது

சர்வதேச எரிசக்தி முகமை தன் கணக்குகள் முன்னறிவிப்பு அல்ல என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதை முன்னறிவிப்பாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் பழைய அறிக்கைகளில் ஆண்டுதோறும் புதிதாக நிறுவப்படும் சூரிய மின் திறன் கிட்டத்தட்டத் தட்டையான கோடாகப் போகும். உண்மைக் கோடு ஏறிக்கொண்டே போனது.

ஆண்டு சராசரி

சூரிய மின்சாரத்தை ஆண்டுச் சராசரியாக மட்டும் எழுதினால், அது கிடைக்காத இரவு அந்தச் சராசரியில் தெரியாது.

மீத்தேனுக்கு ஒரே எண்

புதைபடிவ எரிபொருளிலிருந்து வரும் மீத்தேன், புவியைச் சூடாக்குவதில் டன்னுக்கு டன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 30 மடங்கு; 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். எரிவாயுக் கசிவைப் பற்றி எழுதும்போது எதை எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். அடிக்குறிப்பில் அல்ல.

'6.37 சதவீதம் குறையும்'

மாதிரியின் விடைக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. ஆறு என்று எழுதுங்கள். அதுவும் தைரியம் இருந்தால்.

முடிவு எடுத்த பிறகு அறிக்கை போய்ச் சேருவது

இதற்கு மருந்து கிடையாது. வரவுசெலவுத் திட்ட நாட்காட்டியை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள்.

அந்த நான்காவது வரைவுக்கு நான் எழுதியனுப்பிய கருத்து ஒரே வரி: "பக்கம் 41, இந்தப் பத்து சதவீதம் யார் கொடுக்கும் கடனின் வட்டி?" அடுத்த நாளே பதில் வந்தது. வழக்கமாகப் பயன்படுத்துவதுதானாம்.