டியூபைத் திருப்பிப் படியுங்கள்: தோல் நோய்ச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஓ.பி.யில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹவுஸ் சர்ஜன், இடுப்பில் அரிப்பு என்று வந்தவருக்கு அரை நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். நோயாளி நகர்ந்த பிறகுதான் கார்பன் தாளைப் பார்த்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிய அதே சீட்டு. கம்பெனி பெயர்தான் வேறு.

ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள், சளிக்குப் போடாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது ஆஸ்பத்திரிச் சுவரில் போஸ்டராகவே இருக்கிறது. போஸ்டரில் வராத சில தவறுகளைச் சொல்கிறேன். முக்கியமாக இளம் மருத்துவர்களுக்குத்தான். மெடிக்கலில் நின்று "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்கிறவர்களும் படிக்கலாம்.

பழுத்த கட்டியை மாத்திரையால் கரைக்கப் பார்ப்பது

மருந்து ரத்தத்தில்தான் வருகிறது. சீழ்ப்பைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ஐந்து நாள் மாத்திரை கொடுத்து, கேட்கவில்லை என்று இன்னும் விலை கூடிய மாத்திரைக்கு மாறுவதை வாராவாரம் பார்க்கிறேன். தொட்டால் கொளகொளவென்று இருக்கிறதா, கீறி வெளியே எடுங்கள். காய்ச்சல் இல்லாத சின்னக் கட்டிக்குப் பெரும்பாலும் அதுவே போதும். திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவருக்குச் சர்க்கரை பாருங்கள்.

எல்லாம் கலந்த டியூப்

உண்மையில் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஹவுஸ் சர்ஜன் சீட்டில் எழுதிய அந்த டியூபைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். முதலில் குளோபெட்டசால் இருக்கும், அது ஸ்டீராய்டு. அடுத்து ஜென்டாமைசின், நியோமைசின், ஆஃப்லாக்சசின் என்று ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக். கடைசியில் மைக்கோனசோல் மாதிரி ஒரு பூஞ்சைக்கொல்லி. அரிப்பு எதனால் வந்திருந்தாலும் மூன்றில் ஒன்று கேட்டுவிடும் என்பதுதான் எழுதுகிறவரின் கணக்கு. நானும் அந்தக் கணக்கைப் போட்டவன்தான்.

என் முதல் கிளினிக்குக்கு மில் வேலைக்குப் போகும் பையன் ஒருவன் வந்தான். தொடை இடுக்கில் படர்தாமரை. டியூப் எழுதினேன். மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "உங்க கைராசி டாக்டர், ஒரே நாள்ல அரிப்பு நின்னுடுச்சு" என்றான். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். காலி டியூபைக் காட்டிக் காட்டியே மெடிக்கலில் வாங்கிப் பூசியிருக்கிறான். நிறுத்தினால் நாலாம் நாள் அரிப்பு, மறுபடி டியூப். வட்டம் இடுப்பைத் தாண்டி மார்பு வரை ஏறியிருந்தது. மனைவிக்கு மார்பின் அடிமடிப்பில், இரண்டு வயதுக் குழந்தைக்குக் கழுத்தில். அவன் தொடையின் உட்பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள், பிரசவமான வயிற்றில் வருவது போல. தோல் அவ்வளவு மெலிந்திருந்தது. பூஞ்சையைச் சில மாதங்களில் ஒழித்துவிட்டோம். "இந்தக் கோடு எப்ப டாக்டர் போகும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். நிறம் மங்கும், கோடு போகாது. கைராசி!

நடந்தது இதுதான். குளோபெட்டசால் மிக வலுவான ஸ்டீராய்டு வகை. சிவப்பையும் அரிப்பையும் உடனே அடக்கும். அந்தச் சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டை. சண்டையை நிறுத்தினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கூடவே இருக்கும் பூஞ்சைக்கொல்லியால் ஈடுகொடுக்க முடியாது. வட்டத்தின் விளிம்பும் அழிந்துபோய், அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு நோயே அடையாளம் தெரியாது. 1968-லேயே இதற்கு டீனியா இன்காக்னிட்டோ என்று பெயர் வைத்துவிட்டார்கள், மாறுவேடம் போட்ட படர்தாமரை. நடுவில் இருக்கும் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. தோலில் சும்மா இருக்கும் பாக்டீரியாவுக்கு மருந்தைத் தாங்கப் பயிற்சி கொடுப்பதுதான் மிச்சம். நியோமைசின் என்றால் சிலருக்கு ஒவ்வாமையும் சேர்ந்துகொள்ளும்.

பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை அரசு 2018 மார்ச்சில் ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கிறார்கள். மெடிக்கல்காரரைத் திட்டுவது சுலபம், ஆனால் அந்தப் பையனின் முதல் டியூப் என் கையெழுத்தில்தான் போனது.

சரி, என்ன செய்வது? விளிம்பில் இருக்கும் செதிலைச் சுரண்டி ஸ்லைடில் வையுங்கள். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, சில நிமிடம் பொறுங்கள். மைக்ராஸ்கோப்பில் கிளை பிரிந்த நூல்கள் தெரிந்தால் பூஞ்சை. வசதி இல்லையென்றால் பூஞ்சைக்கொல்லியை மட்டும் தனியாக எழுதுங்கள். பழைய மாதிரி இரண்டு வாரத்தில் போய்விடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப்பெயர் வாங்கிய பூஞ்சைதான் இப்போது நம்மூரில் பரவலாக இருக்கிறது. அதில் பலவற்றுக்கு டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி கேட்பதில்லை. பலருக்கு இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி வாரக்கணக்கில் தேவைப்படுகிறது.

ஸ்டீராய்டை நிறுத்திய முதல் வாரம் சிவப்பும் அரிப்பும் முன்னைவிடக் கூடும். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் மருந்து சேரவில்லை என்று பழைய டியூபுக்கே போய்விடுவார்கள்.

அப்புறம் அரைஞாண் கயிறு. வியர்வையும் செதிலும் ஊறிய கயிற்றை இடுப்பில் வைத்துக்கொண்டு இடுப்புக்கு மருந்து பூசி என்ன பயன்? கழற்றச் சொன்னால் பாதிப் பேருக்கு முகம் மாறும். "குணமானதும் புதுசு கட்டிக்கோங்க" என்றால் ஒத்துக்கொள்வார்கள்.

சிரங்கில் சீழை மட்டும் பார்ப்பது

விரல் இடுக்கில் சீழ்க்கொப்புளத்தோடு குழந்தை வரும். ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தால் காயும், பத்து நாளில் திரும்ப வரும். ராத்திரி அரிக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதே அம்மா தன் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருப்பார். அடியில் இருப்பது ஸ்கேபிஸ் பூச்சி. 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமை வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரி, கழுத்திலிருந்து பாதம் வரை பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பெரியவர் ஒருவருக்கே 30 கிராம் ஆகும், ஒரு டியூபை ஆறு பேருக்குப் பங்கு வைத்தால் யாருக்கும் போகாது. பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும்.

சிரங்கு ஆறிய குழந்தைக்கு முகம் வீங்கி, மூத்திரம் கடுங்காபி நிறத்தில் போனால் அன்றே சிறுநீரகத்தைப் பாருங்கள். சிரங்கில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் வேலை அது.

அக்கிக்கு ஆன்டிபயாடிக்

அது வைரஸ். 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து. காவி எழுதிவிட்டுத் தாமதமாக வருகிறவர்மேல் எனக்குக் கோபமில்லை, அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சீட்டோடு தாமதமாக வருகிறவரைப் பார்த்தால்தான் வருகிறது.

காப்ஸ்யூலைப் பிரித்துப் புண்ணில் தூவுவது

வேண்டாம்.

டாக்ஸிசைக்ளினை வெறும் வாயில் விழுங்கிவிட்டுப் படுப்பது

பருவுக்காக இந்த ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்ட ஒரு கல்லூரி மாணவி மறுநாள் எச்சில்கூட விழுங்க முடியாமல் வந்தார். உணவுக்குழாயில் புண். ஒரு டம்ளர் தண்ணீர் நிறைய, அரை மணி நேரம் படுக்காமல். சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு காலும் ஒரே மாதிரி சிவந்திருந்தால்

செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் பாக்டீரியா தொற்று, என்று முடிவுகட்டும் முன் வேறு காரணம் தேடுங்கள். ஒரு கால் என்றால் சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்துவிட்டு, கிருமி நுழைந்த வெடிப்பு இருக்கிறதா என்று கால்விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள்.

அந்தச் சீட்டு

ஆளைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். மருந்து கவுன்டர் வரிசையில் இருந்தார். ஹவுஸ் சர்ஜனே சுரண்டினார், அவரே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "இருக்கு சார், நிறைய" என்றார். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார். நோயாளி சட்டைப் பையிலிருந்து, வால் வரை சுருட்டிப் பிதுக்கிய ஒரு டியூபை எடுத்து மேஜையில் வைத்தார். "இதையே எழுதிடுங்களேன் சார், போன தடவை உடனே கேட்டுச்சு."