வேகக் காருக்குப் பிரேக் பேடும் ஆயிலும்

மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பெடல் திடீரெனப் பஞ்சு போல அமுங்கினால், பெரும்பாலும் அது பேடின் (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையின்) குறையன்று; ஈரத்தை உறிஞ்சிய பிரேக் ஆயில், பேடுகளை அழுத்தும் காலிப்பரின் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழாவதே காரணம். ஆகவே முதற்செலவை ஆயிலில் செய்வதே என் தேர்வு. பிரேக் ஆயிலின் தரவகைகளில் ஒன்றான டாட் 4 (DOT 4) வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறிய பின் 155; டாட் 5.1 வகைக்கு அவை 260, 180. பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5 சிலிக்கோன் ஆயில் என்பதால், அதை இவற்றுடன் கலக்கவே கூடாது. பந்தயத்துக்கென்றே செய்த பேடுகள் நன்கு சூடேறிய பிறகே முழுமையாகப் பிடிக்கும் என்பதால், காலையில் எதிர்ப்படும் முதல் சிக்னலிலேயே அவை ஏமாற்றக்கூடும் (கிறீச்சிடும் ஓசை வேறு). அன்றாடச் சாலைக்கு, ஆறிய நிலையிலும் பிடிக்கின்ற, அதே சமயம் சூட்டைத் தாங்குகின்ற வகையே பொருந்தும்.