ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்கள்: இண்டிகார் பழைய பட்டியல்களைக் குழம்பாமல் படிப்பது எப்படி

இண்டிகார் என்பது சக்கரங்கள் வெளியே தெரியும் கார்கள் ஓடும் அமெரிக்கப் பந்தயத் தொடர். 1979-இல் அதன் சாம்பியன் யார் என்று தேடிப் பாருங்கள். ஒரு பட்டியல் ஏ.ஜே. ஃபாய்ட் என்கிறது, இன்னொன்று ரிக் மியர்ஸ் என்கிறது. இரண்டுமே சரி. அந்த வருஷம் யூசாக் என்ற பழைய நிர்வாக அமைப்பு ஒரு தொடரை நடத்தியது, அதிலிருந்து பிரிந்த அணி உரிமையாளர்கள் ஆரம்பித்த கார்ட் இன்னொரு தொடரை நடத்தியது. அதனால் முதல் வேலை, எந்தச் சாம்பியன் பெயரைக் குறித்தாலும் பக்கத்திலேயே அந்தத் தொடரை நடத்திய அமைப்பின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு எளிய கோடு போதும். 1955 வரை ஏஏஏ என்ற அமெரிக்க மோட்டார் சங்கம், 1956 முதல் யூசாக், 1979-இல் முதல் பிளவு. 1980-இல் யூசாக்கும் கார்ட்டும் சேர்ந்து ஒரு தொடரைத் தொடங்கினார்கள், அது பாதியிலேயே முறிந்தது. ஆனாலும் அந்த ஆண்டு இரண்டு பட்டியலிலும் ஜானி ரதர்ஃபோர்டுதான் சாம்பியன். அப்புறம் கார்ட் கை ஓங்கியது. 1996-இல் இரண்டாவது பிளவு, அது 2008-இல்தான் முடிந்தது.

அடுத்து, இந்த விளையாட்டின் மிகப் பெரிய பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-க்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்யாமல்தான் சிக்கிக்கொள்கிறார்கள். மற்ற பந்தயங்களை கார்ட் நடத்திய காலத்திலும் இந்த ஒன்றுக்கு மட்டும் அங்கீகாரம் தந்தது யூசாக். 1981-லும் 1982-லும் இதில் எடுத்த இடம் கார்ட் புள்ளிக்கணக்கில் சேரவே இல்லை. 1983 முதல் 1995 வரை சேர்ந்தது. 1979-இல் நிலைமை இன்னும் மோசம். கார்ட் பக்கம் இருந்த ஆறு அணிகளின் விண்ணப்பத்தை யூசாக் நிராகரித்தது, அவர்கள் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து ஓடினார்கள், அப்படி உள்ளே வந்த பென்ஸ்கி அணியின் மியர்ஸ்தான் ஜெயித்தார்.

சண்டை எதற்காக என்று தெரிந்தால் பட்டியல் தானாகவே புரியும். 1978-இல் ஓட்டுநராக இருந்து அணி உரிமையாளரான டான் கர்னி மற்ற உரிமையாளர்களுக்கு ஒரு அறிக்கை எழுதினார்: பணம் போடுவது நாம், முடிவெடுப்பது வேறு யாரோ, ஃபார்முலா ஒன்னில் அணிகள் ஃபோக்கா என்று ஒன்றுசேர்ந்த மாதிரி நாமும் சேர வேண்டும் என்று. கார்ட் பிறந்தது அதிலிருந்துதான். இரண்டாவது பிளவில் கோபம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. இண்டியானாபொலிஸ் மைதானத்தின் தலைவர் டோனி ஜார்ஜ், செலவு எகிறிவிட்டது, ஓவல் (நீள்வட்டத் தடம்) பந்தயங்கள் குறைகின்றன, அமெரிக்க ஓட்டுநர்களுக்கு இடமில்லை என்று சொல்லி ஐஆர்எல் (இண்டி ரேசிங் லீக்) என்ற போட்டித் தொடரைத் தொடங்கினார். அவர் சொன்ன குறைகளில் உண்மை இருந்தது என்றே நினைக்கிறேன், அணி முதலாளிகளே விதிகளையும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு கார்ட் நல்ல உதாரணம். ஆனால் 1996-இல் இண்டி 500-இன் 33 இடங்களில் 25-ஐ ஐஆர்எல் புள்ளிப்பட்டியலில் முன்னிலையில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கியதை என்னால் ஏற்கவே முடியாது. வேகமாக ஓடுகிறவனுக்கு இடம் என்பதுதான் அந்தப் பந்தயத்தின் உயிர். அதை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? கார்ட் அணிகள் கோபித்துக்கொண்டு அதே நாளில் மிச்சிகனில் யூ.எஸ். 500 என்ற பந்தயத்தை நடத்தின. அங்கே ஜிம்மி வாசர் ஜெயித்தார், இண்டியில் படி லேசியர் ஜெயித்தார்.

இதனால் 1996 முதல் சில ஆண்டுகளுக்கு இண்டி 500 வெற்றியாளர் பெயரைப் படிக்கும்போது, அன்று எதிரே யார் யார் இல்லை என்றும் பாருங்கள். அதற்காக வெற்றியாளரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1997-இல் ஜெயித்த ஆரி லையண்டைக், பிளவுக்கு முன்பு 1990-லும் எல்லோரையும் எதிர்த்து அங்கேயே ஜெயித்தவர். 2000-இல் கார்ட்டிலிருந்து கனாஸி அணி வந்தது, ஹுவான் பாப்லோ மொன்டோயா 200 சுற்றுகளில் 167-இல் முன்னிலை வகித்து வென்றார். அதையும் அந்தச் சூழலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பெயர் யாருக்கு என்ற வழக்குக்குப் பிறகு வந்த சமரசத்தால் 1997 முதல் 2002 வரை இரண்டு தொடர்களுமே இண்டிகார் என்ற பெயரை வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஆண்டுகளுக்கு அந்தச் சொல்லைத் தேடினால் சரியான விடை வராது. கார்ட், ஐஆர்எல் என்றே தேடுங்கள். 2004 முதல் 2007 வரை சேம்ப் கார் என்று தேடுங்கள், திவாலான கார்ட்டின் மிச்சம் அதுதான், நான்கு ஆண்டும் செபாஸ்டியன் போர்டே சாம்பியன்.

சீசன் தேதிகளையும் நம்பிவிடாதீர்கள். ஐஆர்எல்லின் முதல் சீசன் மூன்றே பந்தயங்கள், முடிவில் பஸ் கால்கின்ஸும் ஸ்காட் ஷார்ப்பும் கூட்டுச் சாம்பியன்கள். அடுத்த சீசன் 1996-இல் தொடங்கி 1997 அக்டோபரில் முடிந்தது, அதன் சாம்பியன் டோனி ஸ்டூவர்ட். 1997-இல் ஒப்பிட முடியாதபடி கார்களும் மாறின. டர்போ போய் டர்போ இல்லாத சாதாரண 4 லிட்டர் எஞ்சின் வந்தது, வேகம் குறைந்தது. 1996-இல் லையண்டைக் இண்டி 500 தகுதிச் சுற்றில் எடுத்த மணிக்கு 236.986 மைல் சராசரி இன்னும் சாதனையாக நிற்கிறது.

கடைசியாக, 2008-ஐ ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் இணைப்பு முடிவானபோது இரண்டு பக்கமும் ஏப்ரலில் ஒரே வார இறுதிக்குப் பந்தயங்களை ஒப்புக்கொண்டிருந்தன, மாற்ற முடியவில்லை. ஐஆர்எல் அணிகள் ஜப்பானின் மொட்டேகிக்குப் போயின, அங்கே டேனிகா பேட்ரிக் வென்றார், இந்தத் தொடரில் வென்ற முதல் பெண். முன்னாள் சேம்ப் கார் அணிகள் தங்கள் பழைய கார்களோடு லாங் பீச்சில் ஓடின, வில் பவர் வென்றார். இரண்டின் புள்ளிகளும் ஒரே சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தன, உங்கள் பட்டியலில் இரண்டையும் ஒரே அமைப்பின் கீழ் எழுத வேண்டும்.