பிள்ளை பெற்றபின் மெட்டல் பேண்டுக்குத் திரும்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு ஒன்பது மணிக்கு ஜாம் ரூம் (பேண்ட் ஒத்திகை அறை), மூன்று மணி நேரம், முழு செட்லிஸ்ட் (நிகழ்ச்சியின் பாடல் வரிசை). பிரசவத்துக்கு முன் இருந்த இந்தக் கணக்கை அப்படியே திரும்ப எடுப்பதுதான் முதல் தவறு; மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஃபின்லாந்தின் நைட்விஷ் பேண்டில் பாடும் ஃப்ளோர் யான்செனுக்கு 2017 மார்ச்சில் மகள் பிறந்தாள். அந்த ஆண்டு முழுக்க பேண்டே ஓய்வில் இருந்தது. அடுத்த சுற்றுப்பயணம் தொடங்கியது 2018 மார்ச்சில். மூன்றாம் மாதமே "எப்போ வர்றே?" என்று கேட்கும் பேண்ட் நண்பர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

தொண்டையிலிருந்து தொடங்குவது

க்ரவுல், அதாவது மெட்டலில் உறுமலாகப் பாடுவது, தொண்டையிலிருந்து வருவதுபோலக் கேட்கும். ஆனால் காற்றை அளந்து விடுவது விலா, வயிறு, இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பத்தில் இவையெல்லாம் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். கீழே பிடிப்பு இல்லாவிட்டால், அந்த வேலையையும் தொண்டையே செய்யப் பார்க்கும். குரல்நாண்கள் உரசி வீங்கி, மறுநாள் பேச்சே கரகரக்கும். பலரும் பயிற்சி விட்டுப்போனதால்தான் இப்படி என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்துகிறார்கள். சேதம் அங்கேதான் நடக்கிறது.

முதலில் வயிற்றைப் பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களை வைத்து அழுத்துங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, நடுவில் கூம்புபோல் புடைத்தாலோ ஸ்க்ரீம் பயிற்சி வேண்டாம், பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். கத்தும்போது சிறுநீர் கசிவது, அடிவயிறு கனத்து இறங்குவதுபோல் இருப்பது இரண்டுமே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். சிசேரியன் என்றால் மருத்துவர் சரி சொன்ன பிறகுதான் எதுவும்.

குரலுக்கு ஸ்ட்ரா பயிற்சி நல்லது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு, குமிழி வரும்படி ஹம் செய்யுங்கள், மூன்று முதல் ஐந்து நிமிடம். பிறகு நீண்ட பெருமூச்சை மெல்லிய க்ரவுலாக மாற்றிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பால் கொடுக்கும் காலத்தில் உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை. தொண்டை காய்ந்திருக்கும்போது பாட வேண்டாம். கரகரப்பு மூன்று வாரத்தில் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கை வலியைக் கிட்டார் மேல் போடுவது

கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் வலி வந்தால் பலர் பிக்கையும் ஸ்ட்ரிங்கையும் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் குழந்தையைத் தூக்கும் விதம். கட்டைவிரலை விரித்து, அக்குளில் கைகொடுத்து ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை தூக்கினால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் அதுதான். இனி உள்ளங்கை மேலே பார்க்க, ஏந்தினாற்போல் தூக்குங்கள். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் ஸ்ட்ரிங்கை அமுக்கி மீட்டுவது) அதிகமுள்ள பாடல்களைச் சில வாரம் தள்ளிவையுங்கள். ஸ்ட்ரிங் 11 கேஜ் (தடிமன் அளவு) என்றால் மெல்லிய 10-க்கு இறங்கலாம்.

ஸ்ட்ராப்பையும் கவனியுங்கள். நான்கு கிலோ கிட்டாரின் பட்டை மார்பின் குறுக்கே அழுத்தினால் பால் கட்டிக்கொள்ள வழியாகும். அகலமான பட்டை போடுங்கள், வீட்டுப் பயிற்சியை உட்கார்ந்தே செய்யுங்கள்.

பால் நேரத்தை மறந்துவிடுவது

பயணம், சவுண்ட் செக், காத்திருப்பு, மேடை எல்லாம் சேர்ந்தால் ஐந்து ஆறு மணி நேரம் ஓடிவிடும். மூன்று மணிக்கொரு முறை பால் கொடுப்பவருக்கு அதற்குள் மார்பு கல்லாகிவிடும். கிளம்புமுன் பால் கொடுங்கள், பம்பைப் பையில் வையுங்கள், கதவு சாத்தக்கூடிய அறை வேண்டும் என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆம்ப் கேட்பதுபோல இதுவும் ஒரு தேவை. எடுத்த பால் 25 டிகிரி வரை நான்கு மணி நேரம் தாங்கும். சென்னை மே மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஐஸ் பேக் போட்ட பெட்டியில் வைத்தால் 24 மணி நேரம் வரை இருக்கும். மார்பில் சிவந்த கட்டியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் நிகழ்ச்சியைக் கைவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

குழந்தையை ஜாம் ரூமுக்குத் தூக்கிப் போவதும் தவறே. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பெரியவர்களுக்கான வரம்பு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அது பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். காதுறை போட்டாலும் அது பிஞ்சுக் காதுக்கான இடமல்ல. உங்களுக்கும் இயர்ப்ளக் கட்டாயம்.

பழைய ப்ராஜெக்ட்டை நேராகத் திறப்பது

பாடல் பதிவு செய்த கணினியில் இரண்டு வருட இடைவெளியில் சிஸ்டம் அப்டேட் ஆகியிருக்கும், ப்ளகின் (ஒலி சேர்க்கும் துணை மென்பொருள்) காணாமல் போயிருக்கும். ப்ராஜெக்ட் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்து, காப்பியைத் திறங்கள். திறந்ததும் மிக்ஸில் கைவைக்காமல், ஒவ்வொரு டிராக்கையும் முதல் பாரிலிருந்து 24 பிட் வேவ் ஃபைலாக (சாதாரண ஒலிக்கோப்பாக) வெளியே எடுத்துவிடுங்கள்.

புதிதாக எழுத முழு மாலை கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் மாதங்கள் போய்விடும். கிளிக், ட்ரம், இரண்டு கிட்டார், ஒரு குரல் எனத் தயாராக ஒரு டெம்ப்ளேட் இருந்தால் குழந்தை தூங்கும் இருபது நிமிடத்தில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) பதிவாகும். ஃபோனில் பதிந்தால் தொடக்கத்திலேயே டெம்போவையும் ட்யூனிங்கையும் வாயால் சொல்லிவிடுங்கள்: "160, ட்ராப் சி" (நிமிடத்துக்கு 160 தாளம், தடித்த ஸ்ட்ரிங் சி சுருதிக்கு இறக்கியது). அடுத்த வாரம் அதைக் கேட்கும்போது எந்த ஸ்ட்ரிங்கை எங்கே இறக்கினோம் என்று தேட வேண்டியிருக்காது.

முதல் நிகழ்ச்சிக்கு இரவு பத்தரை ஹெட்லைன் இடம் (முக்கிய பேண்டுக்கான கடைசி நேரம்) கொடுத்தால் மறுத்துவிட்டு, ஆறரை மணி தொடக்க இடத்தைக் கேளுங்கள். செட் 25 நிமிடம், சொந்த ஊர், க்ரவுல் பாடல்களுக்கு நடுவே ஒரு இன்ஸ்ட்ருமென்டல். எட்டு மணிக்கு வீடு வந்து சேரலாம்.